சுபைர் காக்கா இழுத்துக் கொட்டிய நெருப்பு

பள்ளிவாசல் ஒலிபெருக்கி முதலில் இறந்தவரின் முழுப்பெயரைச் சொன்னது. கல்முனைச் சந்தையில் யாரும் அசையவில்லை. "பொயிலர் அடிக்கிற சுபைர்" என்று மறுபடி அறிவித்த பிறகுதான் கடைக் கதவுகள் இறங்கின. ஆலைக்காரர்கள் ஒரே குரலில் இன்னாலில்லாஹி சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் அவரிடம் அடி வாங்கியவர்கள்.

நெல் அவிக்கும் ஆலைகளில், கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு பொயிலர் குழாய்களுக்குள் படிந்து கல்லாய் இறுகிவிடும். அதைக் கரைப்பது சுபைர் காக்காவின் தொழில். அதற்கு அசிட் விற்பது என்னுடையது. "அசிட் கல்லத் தின்னும். உட்டா குழாயையும் தின்னும். அதுக்கு நோம்பு இல்ல" என்பார். அசிட் உள்ளே இருக்கும்போது நெருப்பு மட்டும் மூட்டக் கூடாது. சூட்டில் அது இரும்பை அரிக்கும். வாயு அடைத்து வெடிக்கும்.

மீராசா ஹாஜியாருக்கும் இது தெரியும். ஆனால் ஒரு முறை அவருடைய ஆலைத் தொட்டியில் ஊறிய நெல் நாறத் தொடங்கியிருந்தது. அசிட்டைக் கழுவும் சோடாவுடன் நான் போனபோது, அசிட் உள்ளே இருக்கும்போதே அவரே உமியைத் தள்ளி நெருப்பு மூட்டியிருந்தார். நடுப்பகல் லுஹர் தொழுதுவிட்டு சுபைர் காக்கா அப்போதுதான் உள்ளே வந்தார்.

"புள்ளையள், நெல்ல உட்டுட்டு ஓடுங்க!" என்று முற்றத்தில் நெல் காயவைத்த பெண்களிடம் கத்தினார். இரும்பு வாரியால் எரியும் உமியை இழுத்து ஹாஜியாரின் காலடியில் கொட்டினார்.

"எண்ட ஆலடா இது!"

"ஓம், ஒண்ட ஆல. அந்தப் பொம்புளையளும் ஒண்டயா?"

ஹாஜியார் கன்னத்தில் அறைந்தார். காக்கா வாரியின் பிடியால் பதில் சொன்னார். ஒரு பல் உமிக்குள் விழுந்தது. ஹாஜியார் கம்பியை எடுத்து அவருடைய வலத் தோளை உடைத்தார். காக்கா இடக்கையால் மிச்ச நெருப்பை இழுத்து முடித்தார். நான் சோடா மூட்டையைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கழுவித் தண்ணீர் நிரப்பியபோது ஒரு குழாய் நீளமாகப் பிளந்து பீச்சியது. ஹாஜியார் அதைப் பார்த்தார்; பிறகு முற்றத்தைப் பார்த்தார். நெல் கோழித்தீனானது. காக்காவின் தோள் பொருந்தும்வரை ஆலை மூடியே கிடந்தது. வேறு ஆளைக் கூப்பிடச் சொன்னவர்களிடம் "அவன் வரட்டும்" என்றார் ஹாஜியார், பல் போன வாயால்.

நேற்று கபுறுக் குழிக்குள் இறங்கி மையித்தை வாங்கியவர்களில் ஹாஜியாரும் ஒருவர். உடலை வலப்பக்கமாகத்தான் சரித்துக் கிடத்த வேண்டும். "மெள்ள வைங்கடா, அந்தத் தோள்" என்று அதட்டினார்.

சுபைர் காக்காவிடமிருந்து அந்த நெருப்பு நாளிலேயே நான் வைத்துக்கொண்டது ஒரு கேள்வி. அசிட் வாங்க வருபவரிடம் "நெருப்பு அணைஞ்சிட்டா?" என்று கேட்கிறேன். "ஓம்" என்றால், கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே போய்ப் பார்க்கிறேன்.