மறைக்கப் பிரித்த புடவை

புடவைக் கடையில் சேரும் ஆணுக்கு முதலில் போவது வெட்கம். மாட்டுங்காவில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே முந்தியைத் தோளில் போட்டு, கொசுவத்தைத் தொந்திமேல் பிடித்துக் காட்டச் சொன்னார்கள். இன்று ஐம்பதைத் தாண்டியும் தினம் பட்டுடுத்தி நிற்கிறேன். அந்தக் கோலத்தைப் பார்த்து எந்தக் கஸ்டமரும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் நியாயம்.

போன மாதம் ஒரு ஞாயிறு. தாராவியிலிருந்து செல்வி என்ற பெண், தங்கையின் கல்யாணப் புடவை எடுக்கத் தங்கையோடு வந்திருந்தாள். கைக்குழந்தை வீறிட்டது. செல்வி, புடவை விரித்துக் காட்டும் மெத்தையின் ஓரத்தில் திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அழுகை நின்றது. கடைக்கே நிம்மதி.

மனைவியோடு வந்திருந்த செம்பூர் கனவான் ஒருவருக்கு மட்டும் அது பொறுக்கவில்லை. முதலாளியைக் கூப்பிட்டார்.

"என்ன சார் இது? ஃபேமிலி வர்ற எடம். டீசென்ஸி வேண்டாமா?"

தாயும் பிள்ளையும் ஃபேமிலி இல்லையென்றால் வேறு எது? அவர் தலைக்கு மேலேயே எங்கள் விளம்பரப் படம்: முதுகில் ஒற்றை நாடாவை நம்பி நிற்கும் ஒரு பெண். அவளை யாரும் எங்கும் அனுப்பவில்லை. முதலாளி செல்வியிடம் வந்தார்.

"எம்மா, பின்னால பாத்ரூம் இருக்கு. அங்க போயி குடு."

"எம்பிள்ளைக்குப் பசிக்கு அண்ணாச்சி. வயித்தாலயா போவுது?"

தங்கையின் முகம் சுருங்கிவிட்டது. "வாக்கா, போயிருவோம். எனக்குப் பொடவையே வேண்டாம்."

முதலாளி என்னிடம் திரும்பினார். "வேய், ஒரு பீஸப் பிரிச்சு மறைச்சுப் பிடியும்."

பிடித்தேன். செல்வியை ஒட்டி, இரண்டு கையையும் தூக்கி, துணி காயப்போடும் கம்பம் மாதிரி. காற்று அடைபட்டு, குழந்தை பாலை விட்டுவிட்டு மறுபடி கத்தியது. செம்பூர்க்காரர் கழுத்தை நீட்டிப் புடவைக்கு மேலாக எட்டிப் பார்த்தார். சரியாக மறைந்திருக்கிறதா என்று சோதிக்கிறாராம்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே திரும்பி, புடவையை அவர் மூக்குக்கு நேராகப் பிடித்தேன்.

"ஏய், என்னய்யா பண்றே?"

"உங்களுக்குத்தானே சார் பார்க்கப் பிடிக்கலை? நீங்க கிளம்புற வரைக்கும் பிடிக்கிறேன்."

"அப்படியே பிடிச்சுக்கோங்க," என்றார் அவர் மனைவி. "நான் அதுக்குள்ள நிம்மதியா ரெண்டு பொடவை பார்த்துடறேன்."

மனிதர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். தங்கை புடவை எடுத்தாள். "கஸ்டமர அவமானப்படுத்திட்டீரே வே," என்று முதலாளி அன்று முழுக்கப் புலம்பினார். செல்வியும் கஸ்டமர்தான் என்பது அவர் புத்தியில் கடைசிவரை ஏறவில்லை.

மறுவாரம் அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மூலையில் ஒரு திரை கட்டினார். வெளியே அதைப் பெரிய சேவையாகச் சொல்லிக்கொள்கிறார். பால் கொடுக்க உட்காரும் பெண்களை அங்கே ஓட்டுவது இப்போது என் டியூட்டி. நான் ஓட்டுவதில்லை. "அங்க வேணுமா, இங்கயே வசதியா?" என்று கேட்கிறேன். சிலர் எழுந்து போகிறார்கள்; பலர் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் கற்றதைச் சொல்கிறேன். அவளைக் கேளுங்கள், அவள் சொன்ன இடம்தான் இடம். யாராவது முகம் சுளித்தால், வாசல் எந்தப் பக்கம் என்று மரியாதையாகக் காட்டுங்கள். அதுவும் சேல்ஸ்மேன் வேலைதான்.