சும்மாயிரான் கம்ப்யூட்டர் மாற்றிய சனிக்கிழமை

சும்மாயிரான் என்று அவனுக்குப் பெயர் வைத்தவர் அவனுடைய மாமியார். முதல் முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது, தேநீர் வருவதற்குள் வாசற்கதவின் கீலைக் கழற்றி எண்ணெய் போட்டு மாட்டிவிட்டான். "நல்ல பையன்தான், ஆனா சும்மாயிரான் போலிருக்கே" என்று அந்த அம்மாள் மகளிடம் சொன்னது அவன் காதில் விழுந்தது. அவன் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் வேலை அப்படி. லிஃப்ட் மெக்கானிக். நகரத்தில் எந்தக் கட்டடத்தில் எந்தப் பெட்டி நின்றாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். நின்றுபோனதை ஓட வைத்தே பழகியவனுக்கு, வீட்டில் எது அசையாமல் இருந்தாலும் பழுதாகத் தெரிந்தது.

அலமாரியை இடம் மாற்றுவான். அடுத்த மாதமே பழைய இடத்துக்குக் கொண்டுவருவான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைச் சத்தம் வருகிறது என்று கழற்றி, மாட்டிய பிறகு நிஜமாகவே சத்தம் வர வைத்தான். மனைவி எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். அவள் ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்ப்பவள். நாளெல்லாம் அடுத்தவர் வழக்கை அடித்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்தால் நாடகம் எழுதுவாள். சனிக்கிழமை மாலைகளில் கூடும் ஒரு சிறிய நாடகக் குழு அவளுடைய எழுத்தை நம்பித்தான் இருந்தது. வீட்டில் அவளுக்கென்று இருந்தது ஜன்னலோரத்து மேசையும் அதன்மேல் ஒரு பழைய கம்ப்யூட்டரும். அந்த மூலையில் மட்டும் கை வைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

சும்மாயிரானின் கை அங்கேதான் துறுதுறுத்தது.

விண்டோஸ் திறப்பதற்குள் ஒரு குளியல் போட்டுவிடலாம். திறந்த பிறகும் மூலையில் ஒரு அறிவிப்பு எட்டிப் பார்க்கும்: இந்தக் கம்ப்யூட்டர் அடுத்த பதிப்புக்குத் தகுதியானது அல்ல. அவளுக்கு அது கண்ணிலேயே படாது. அவளுக்கு வேண்டியது நோட்பேட் ஒன்றுதான். அலுவலகத்திலிருந்து கொண்டுவந்த எழுத்துருவில் கடகடவென்று அடித்துக்கொண்டிருப்பாள். பின்னால் நிற்கும் இவனுக்குத்தான் மனசு ஆறாது. வேலைக்கு ஜோடியாக வரும் கூட்டாளி வேறு, "விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போட்டுப் பாருங்கண்ணே, கிழட்டு மெஷினும் குதிரை மாதிரி ஓடும்" என்று ஓதி வைத்திருந்தான். அன்றிலிருந்து இவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் தண்டவாளத்துக்கு கிரீஸ் தடவும்போதும் அதே நினைப்பு.

"ஒரே ஒரு மணி நேரம் குடு. மாத்திக் காட்டுறேன்."

"என்னங்க, கும்பிட்டுக் கேக்குறேன். நாடகம் முடியட்டும். அப்புறம் என்ன வேணாலும் பண்ணுங்க."

"எப்ப முடியும்?"

"நீங்க கொஞ்சம் உக்காந்து கேட்டா முடிஞ்சுடும். ரெண்டு மூணு விஷயம் உங்ககிட்டத்தான்..."

அதற்குள் அவனுடைய போன் அடித்தது. பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை அவளுக்கு அரை நாள் வேலை. மாலையில் ஒத்திகை. கடைசி அங்கத்தை முந்தின நாள்தான் அடித்து முடித்திருந்தாள். வீட்டுக்கு வந்து அச்செடுத்துக்கொண்டு கிளம்புவது ஏற்பாடு. காலையில் அவள் வேலைக்குக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் சும்மாயிரான் மேசையில் உட்கார்ந்துவிட்டான். வரும்போது கம்ப்யூட்டர் பறக்க வேண்டும், அவள் வாயைப் பிளக்க வேண்டும். அவ்வளவுதான் அவன் எண்ணம். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. கேட்காமல் செய்கிறவர்கள் யாருக்கும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை என்பதுதான் இதில் தொல்லை.

முட்டாள்தனமாகவும் செய்யவில்லை. அவளுடைய நாடகக் கோப்புகளை எல்லாம் பென்டிரைவில் போட்டு, திறந்து பார்த்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். பழையதை முழுதாக அழித்துவிடலாமா என்று லினக்ஸ் பவ்யமாகக் கேட்டது. அழி என்றான். நகம் கடித்தான். எழுந்து நடந்தான். சமையலறைக் குழாயை இறுக்கிவிட்டு வந்தான். வந்து பார்த்தால் புதுத் திரை பளிச்சென்று நின்றது. அணைத்துத் திறந்தான். ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் தயார். வருஷக்கணக்காக முரண்டு பிடித்த அச்சு இயந்திரம் கூடச் சொல்லாமல் கொள்ளாமல் வேலை செய்தது. அறையின் நடுவில் ஒரு ஆட்டம் போட்டான்.

பிறகு கோப்புகளைத் திரும்ப ஏற்றி, கடைசி அங்கத்தைத் திறந்தான். முதல் சொல்லே இப்படி இருந்தது:

mk;kh

அதற்குக் கீழே பக்கம் பக்கமாக அதே கதை. ஆங்கில எழுத்து, அரைப்புள்ளி, காற்புள்ளி. தமிழ் என்று ஒரு புள்ளி கூட இல்லை. பென்டிரைவில் இருந்ததைத் திறந்தான். அதுவும் அப்படியே. கூட்டாளிக்குப் போன் போட்டான்.

"கோப்பு நல்லாத்தான் இருக்கும்ணே. எழுத்துருதான் இல்ல. அண்ணி எது போட்டிருந்தாங்க?"

"அது பழைய விண்டோஸோட போச்சு. பேரு தெரியாது."

"அண்ணியைக் கேளுங்க."

அதுதானே முடியாது! கேட்டால் சொல்ல வேண்டும், சொன்னால் அவள் அங்கேயே கைப்பையைக் கீழே போட்டுவிடுவாள். இணையத்தில் கிடைத்த பழைய எழுத்துருக்களை ஒவ்வொன்றாக இறக்கிப் போட்டுப் பார்த்தான். எழுத்து என்னவோ தமிழாகத்தான் வந்தது. சொல் ஒன்று கூட வரவில்லை. யாரோ கோபத்தில் திட்டுவதுபோல் க்ஷுவும் ஞௌவும் திரையெங்கும் சிதறின. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, விசைப்பலகையின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

தலையைக் கவிழ்த்தபோதுதான் பார்த்தான். ஒவ்வொரு விசையிலும் ஒரு சின்னத் தமிழ் ஒட்டுத்தாள். அது அவளுக்குத் தேவையே இல்லை. அவள் விசையைப் பார்த்து அடிப்பவள் அல்ல. நானும் தமிழில் அடிக்கப் பழகப்போகிறேன் என்று எப்போதோ இவன் சொன்னதை நம்பி, இவனுக்காக அவள் வெட்டி ஒட்டியது. ஒட்டிய அன்று, கோணலாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போனவன், பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

எம் விசையில் அ. கே விசையில் ம. அரைப்புள்ளி விசையில் ஒரு புள்ளி. மறுபடி ம. எச் விசையில் கால்.

அம்மா.

ஒரு தாளை எடுத்தான். விரலால் தடவித் தடவி ஒவ்வொரு எழுத்தாகத் தமிழில் இறக்கினான். கொம்பு எழுத்துக்கு முன்னாலேயே வந்து நிற்பது பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாம், ஒரு புருஷனும் பெண்டாட்டியும் பார்க்கக் கிளம்பி லிஃப்டில் மாட்டிக்கொள்கிறார்கள். லிஃப்ட்! அவனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குழுவில் எல்லோருக்கும் தெரிந்த கதை, அவள் படித்துக் காட்டுகிறேன் என்று எத்தனையோ தடவை கூப்பிட்ட கதை, இவன் அப்புறம் அப்புறம் என்று தள்ளிய கதை. மேடையில் அந்தப் புருஷன் பொத்தானை அமுக்குகிறான், கதவைத் தட்டுகிறான், கூரையை நெம்புகிறான். பெண்டாட்டி சொல்கிறாள்: epy;Yq;f. இறக்கிப் பார்த்தான். நில்லுங்க.

அதற்கு அடுத்த வரி வசனமாக இல்லை. அடைப்புக்குறிக்குள் தனியாக நின்றது.

,tiuf; Nfl;fZk;

காற்புள்ளி விசையில் இ இருந்தது. வ. ரை. பொறுமையாக இறக்கினான். இவரைக் கேட்கணும்.

யாரை? குழுவின் இயக்குநரையா? கீழே ஓட்டினான். இரண்டு பக்கம் தள்ளி அதே கிறுக்கல். இன்னும் தள்ளி இன்னொன்று. இப்போது இறக்க வேண்டியிருக்கவில்லை, பார்த்ததுமே தெரிந்தது. லிஃப்ட் நாடகத்தில் சந்தேகம் வந்தால் வேறு எந்த இவரை அவள் கேட்பாள்? அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஊரில் எவன் லிஃப்டில் சிக்கினாலும் ஓடிப்போய்க் கதவு திறப்பவன், ஒரே வீட்டில் ஒரு கேள்வியைக் காக்க வைத்திருக்கிறான்.

அவள் வந்தபோது ஒன்றரைப் பக்கம்தான் முடிந்திருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை. அவள் திரையைப் பார்த்தாள், பென்டிரைவைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கை வெச்சுட்டீங்க."

"வெச்சுட்டேன். எழுத்துரு போச்சு. நாடகம் இருக்கு. மன்னிச்சுடு."

"எழுத்துரு ஆபீஸ்ல இருக்கு. திங்கக்கிழமைதான் திறப்பாங்க." அவள் கைப்பையை மேசையில் வைத்தாள். "ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? இந்த வீட்ல எனக்குன்னு இருந்தது இந்த ஒரு மேசைதானே. வேற எதையாவது நான் தொடாதீங்கன்னு சொன்னேனா?"

அவன் சொல்ல இருந்ததெல்லாம், எவ்வளவு வேகமாக ஓடுகிறது பார் என்பதும் சேர்த்து, மென்று விழுங்கினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் எழுதிய தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள்.

"இதை எப்படி எழுதுனீங்க?"

"நீ ஒட்டினதைப் பாத்து."

நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் உட்கார்ந்தாள். "பேனாவை எடுங்க. நான் படிக்கிறேன். நாடகத்துக்காகத்தான், உங்களுக்காக இல்ல."

அந்தக் கிறுக்கலை அவள் தமிழாகவே படித்தாள். கண் திரையில், விரல்கள் மட்டும் மேசை விளிம்பில் மெல்ல அடித்தபடி. விரல் போன வழியில் சொல் வந்தது. அவன் எழுதினான். போன் அடித்தது. எடுத்து அணைத்தான். கால் மட்டும் மேசைக்கடியில் ஆடியது. அதையும் மறு காலால் மிதித்து நிறுத்தினான்.

"நில்லுங்க" என்று படித்துவிட்டு அடுத்த வரியைத் தாண்டினாள்.

"ஒண்ணை விட்டுட்டே."

"எதை?"

"அடைப்புக்குறியில இருக்கறதை."

அவள் விரல்கள் நின்றன. அவன் பேனாவைக் கீழே வைத்தான்.

"கேளு. என்ன கேக்கணும்?"

அவள் அவனை நம்பாமல்தான் பார்த்தாள். கதவுப் பக்கம் கூட ஒரு தரம் பார்த்தாள், எப்படியும் இவன் எழுந்துவிடுவான் என்பதுபோல.

"கரண்ட் போயிட்டா லிஃப்ட் கீழ விழுந்துடுமா?"

"விழாது. கரண்ட் இருக்கறவரைக்கும்தான் பிரேக் விட்டுக் குடுக்கும். போயிட்டா தானாப் பிடிச்சுக்கும்."

"அப்ப அது நிக்கறதுக்கு எதுவும் வேணாமா?"

"வேணாம்" என்றான். "ஓடுறதுக்குத்தான் வேணும்."

அவன் கீழே வைத்திருந்த பேனாவை அவள் எடுத்துக் கொடுத்தாள். பிறகு, "அதையும் எழுதுங்க. நாடகத்துல அந்தப் புருஷன் சொல்ற மாதிரியே" என்றாள்.

எழுதினான். எழுதி முடித்துத் தலை தூக்கி, "அடுத்ததைக் கேளு" என்றான்.