மௌலாலிக் குன்றின் ஊதா நிறம்

காலை எட்டு மணிக்குச் செகந்திராபாத்தில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். மாரெட்பள்ளி அங்கிருந்து பக்கம்தான். என்னோடு பள்ளியில் படித்த சரசா வாசலிலேயே நின்றிருந்தாள். வெள்ளைக்காரன் காலத்திலேயே ஆற்காட்டிலிருந்து வந்து தங்கிவிட்ட குடும்பம் அவளுடையது. கண் நரம்பு நோயால் அவள் பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கி வருகிறது. "கூடத்துப் படத்த நீயே எடுத்துக்கினு போ. என் கண்ணுக்கு அது துண்டு துண்டாத்தான் தெரியுது" என்று போனில் சொல்லியிருந்தாள். அதற்காகவே தஞ்சாவூரிலிருந்து வந்தேன்.

காபி குடித்துவிட்டுப் படத்தின் முன் நின்றேன். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யாரோ வரைந்த தைலவண்ண ஓவியம். கையெழுத்து புரியவில்லை. முக்கால் பங்கு வானம். அடியில் காய்ந்த புல்வெளி, வண்டித்தடம், தொலைவில் மௌலாலிக் குன்று. பாறை ஊதா நிறத்தில் இருந்தது. பக்கத்து வீட்டில் நாங்கள் குடியிருந்தபோது, மொட்டைமாடியில் வடகத்துக்குக் காவல் இருந்தபடி நிஜக் குன்றைப் பார்த்து, "பாறை எங்கடி ஊதாவா இருக்கு?" என்று அந்த ஓவியரைக் கேலி செய்வோம். இப்போது அதே மாடியிலிருந்து அடுக்குமாடிகள்தான் தெரிகின்றன.

"நேர்ல போய்ப் பார்ப்போமா?" என்றேன்.

"படத்தையும் எடுத்துக்கினு போலாம்" என்றாள்.

மாலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். "இத்னா படா போட்டு கைக்கு, அம்மா?" என்று ஆட்டோக்காரர் சிரித்தார். இவ்வளவு பெரிய படம் எதற்கென்றால், குன்றுக்குக் காட்டத்தான் என்று சரசா அவர் பாஷையிலேயே பதில் சொன்னாள்.

ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் ஒரு காலி மைதானத்தின் ஓரம் நிறுத்தினார். எங்களுக்குப் பின்னால் வெயில் இறங்க, பாறை முதலில் செம்மண்ணாகச் சிவந்தது, பிறகு சாம்பல். சூரியன் மறைந்த சில நிமிடங்களில் ஊதா. படத்தில் இருந்த அதே ஊதா.

சரசா என் கையைப் பிடித்தாள். "ஏய், குன்று முழுசா தெரியுதுடி! மேல தர்கா, கீழ மரம், எல்லாம்."

தொலைவில் இருப்பது அவளுடைய குறுகிய பார்வைக்குள் அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் படத்தைப் பழைய இடத்தில் மாட்டச் சொல்லி, நாற்காலியைக் கூடத்தின் மறுகோடிக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

மறுநாள் மாலை நான் பெட்டியை எடுத்தபோது, "கோச்சிக்காத. படம் நக்கோ, வேணாம், இங்கயே இருக்கட்டும்" என்றாள்.

தஞ்சாவூரில் கண்ணுக்கெட்டியவரை சமவெளிதான். அந்தி இங்கே வயல்மேல் பரவி அப்படியே இருட்டிவிடும். அந்தப் படத்துக்காகக் கிளம்பும் முன் சுவரில் ஓர் ஆணி அடித்து வைத்திருந்தேன். வந்ததும் அதில் குடையை மாட்டினேன்.