மவுஸ் கை

தொழில் சொல்லிக்கொடுத்தவன் வயிற்றிலேயே அடித்தான் அவன். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

நெய்வேலி டவுன்ஷிப்பில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன் நான். விண்டோஸ் சர்வர்களோடு மல்லுக்கட்டியே தலை நரைத்தவன். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த அவனுக்கு, கேபிள் முனை அடிப்பதிலிருந்து எல்லாம் நான்தான் கற்றுக்கொடுத்தேன். சர்வர்களை, மவுஸ் இல்லாமல் கட்டளைகளை அடித்தே நடத்த வேண்டிய லினக்ஸுக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வந்ததும், என்னிடம் மூச்சுவிடாமல் சென்னை போய்ப் படித்துவிட்டு வந்தான். படிக்கட்டும், யார் வேண்டாம் என்றது? மேனேஜரிடம் போய் என்ன சொன்னான் தெரியுமா?

"அண்ணனுக்கு இது வராது சார். கிளிக் பண்ணியே பழகிட்டாரு. மவுஸ் கை."

நான் கதவருகில்தான் நின்றிருந்தேன். மேனேஜர் என்னைப் பார்த்ததும், சர்வர் மாறிய பிறகு ஒரு ஆள் போதும், ஒருவருக்குத்தான் கேட் பாஸ் புதுப்பிப்போம் என்றார். பாஸ் இல்லையென்றால் வேலை இல்லை.

அவன் வேலை செய்வதைப் பார்த்தாவது கற்கலாம் என்று பின்னால் போய் நிற்பேன். உடனே 'க்ளியர்' என்று அடித்து எண்டரைத் தட்டுவான். வெறும் கறுப்புத் திரைதான் மிஞ்சும். "ஒன்னும் இல்லண்ணே, சும்மா பாத்துகினு இருந்தேன்" என்பான். பாவி!

பக்கத்து ஊரான வடக்குத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து புலம்பினேன். "பொலம்பிகினு இருந்தா பாஸ் வந்துடுமா? உக்காந்து படிங்க" என்றாள் மனைவி. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸை ஏற்றினேன். கை தானாக மவுஸைத் தேடியது. மறுநாள் மவுஸையே காணோம். கேட்டால், "அரிசி டின்ல போட்டு மூடிட்டேன். பாஸ் வந்ததும் எடுத்துக்கங்க" என்கிறாள்.

படித்தேன். எது நின்றாலும் ரீஸ்டார்ட் என்ற என் பழைய வைத்தியம் அங்கே பலிக்கவில்லை. சோர்வு வந்தால் அவன் மூஞ்சியை நினைத்துக்கொள்வேன், கை வேகமாக ஓடும். ஒருநாள் லேப்டாப் வழியாக அந்தக் கம்ப்யூட்டரில் நுழைந்து, யாரை உள்ளே விடலாம் என்று பார்க்கும் ஃபயர்வாலைத் திருத்தினேன். விண்டோஸில் எல்லாவற்றையும் டிக் அடித்துவிட்டுக் கடைசியில் ஓகே கொடுத்துத்தான் பழக்கம். அந்த நினைப்பில் முதல் வரியில் யாரையும் விடாதே என்று அடித்தேன். என்னை மட்டும் விடு என்பதை அடுத்த வரியில் சொல்லலாம் என்று உத்தேசம். எண்டர் தட்டியதுமே என்னையே வெளியே தள்ளிவிட்டது. லினக்ஸ் கடைசி ஓகேவுக்கெல்லாம் காத்திருக்காது.

சர்வர்கள் மாறின. ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்கு டியூட்டி, அவனுக்கு லீவு. ஷிப்ட் மாறுகிற நேரத்தில், எங்கள் சர்வரோடு இணைந்திருந்த கேட் மெஷினில் யாருடைய கார்டும் ஏறவில்லை. அவனிடமிருந்து போன்.

"அண்ணே, வூட்லேருந்து ஃபயர்வால மாத்திகினு இருந்தேன், வெளிய தள்ளிடுச்சுண்ணே. சர்வர் ரூம்ல உக்காந்து நான் சொல்றத அடிங்க. சார்கிட்ட சொல்லிடாதீங்கண்ணே."

எனக்கு வாயெல்லாம் பல். "நேர்ல வாப்பா" என்று போனை வைத்தேன். வைத்த கையோடு மேனேஜரைக் கூப்பிட்டேன். எனக்கு ஒரு சொட்டு இரக்கமும் வரவில்லை, வரவழைக்கவும் இல்லை.

இருவரும் வந்து என் பின்னால் நின்றார்கள். "என்ன ஆச்சு?" என்றார் மேனேஜர்.

"ஓகே குடுக்கிற வரைக்கும் ஒன்னும் ஆவாதுன்னு தம்பி நெனச்சிடுச்சு சார். மவுஸ் கை."

சர்வர் முன்னாலேயே உட்கார்ந்திருப்பவனை ஃபயர்வால் தடுக்காது. கார்டுகளை விடு என்ற வரியை அடித்தேன். கேட்டில் கார்டுகள் ஏறத் தொடங்கின. மேனேஜர் அவனைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாஸுக்கு உங்க போட்டோ ஒன்னு குடுத்துடுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவன் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தான். "என்னண்ணே போட்டீங்க?"

க்ளியர் என்று அடித்து எண்டரைத் தட்டினேன்.

"ஒன்னும் இல்லப்பா, சும்மா பாத்துகினு இருந்தேன்."