முன்சக்கரத்தில் நான் ஊற்றிய எண்ணெய்

திருமழிசையிலிருந்து பூந்தமல்லி பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். கையில் ஹெல்மெட். பின்னால், நெடுஞ்சாலை ஓரத்தில் என் புது வண்டி நின்றது. வாங்கி ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. சாவியைக்கூட எடுக்காமல் அதை விட்டுவிட்டு வந்தேன். போன ஜூலை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒரு மணி இருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. "ஆண்டவரே, நான் இனி என்ன செய்யட்டும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

இதைச் சபையில் எழுந்து நின்று சொல்ல எனக்கு வெட்கம். அதனால் எழுதித் தருகிறேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பதினான்கு வயதில் வீட்டை விட்டுப் போனேன். அதன் பிறகு போய்க்கொண்டே இருந்தேன். நாக்பூர் லாரியில் கிளீனர். விஜயவாடாவில் பரோட்டாக் கடை. திருப்பூரில் சாயப்பட்டறை. கடைசியாக ஓமனில், ஒப்பந்தம் விடாததால் மூன்று வருடம், சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினேன். கஷ்டப்பட்டேன் என்று சொல்ல மாட்டேன். சோறு கிடைத்தது, படுக்க இடம் கிடைத்தது. ஆனால் ஓர் இடத்தில் ஆறு மாதம் ஆனால் நெஞ்சுக்குள் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி இருக்கும். கிளம்பிவிடுவேன். கல்யாணம் ஆன பிறகும் அப்படித்தான். என் மனைவி மெர்சி அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறாள். பதினொரு வருடத்தில் நான் வீட்டில் இருந்தது மொத்தம் மூன்று வருடம் வராது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. "நீங்க ஊட்டுல இருந்தாதானே" என்று ஒரு தடவை சொன்னாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை.

போன வருடம் ஓமனிலிருந்து வந்ததும், "இன்னொரு தடவை சொல்லாம போனீங்கன்னா திரும்பி வராதீங்க. கதவு தொறக்க மாட்டேன்" என்றாள். சண்டை போடும் குரலில் சொல்லவில்லை. துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

அப்படிச் சொன்ன மூன்றாவது மாதம் நான் நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த டூரிங் வண்டி, பெரிய பைக், வாங்கினேன்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் அதற்கு முன் ஓட்டியதெல்லாம் பழைய டிரம் பிரேக் வண்டிகள்; பிரேக் சக்கரத்துக்குள் மறைந்திருக்கும். இதில் ஏறி உட்கார்ந்தால் முதுகு நேராக நிற்கிறது. கார் கூரைக்கு மேலே பார்வை போகிறது. முன்னால் கண்ணாடித் தடுப்பு இருப்பதால் காற்று நெஞ்சில் அறைவதில்லை. கொஞ்சம் உயரம் அதிகம், சிக்னலில் நுனிக்காலில்தான் நிற்க வேண்டும். எண்பதில் போனாலும் கை அதிராது. பின்னால் இரண்டு பக்கமும் பூட்டு வைத்த பெட்டி. தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். "மாமே, லடாக்கா?" என்று ஒருவன் கேட்டான். "அண்ணி லீவு குட்த்துட்டாங்களா?" என்று இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். மெர்சி சிரிக்கவில்லை. பின் சீட்டில் ஒரு தடவைகூட ஏறவில்லை.

அந்த ஞாயிறு காலை, அவள் குளிக்கும்போது, வலது பக்கப் பெட்டியில் மூன்று சட்டை, இரண்டு கைலி, பாஸ்போர்ட் எல்லாம் வைத்துப் பூட்டினேன். பெங்களூர், அங்கிருந்து எங்கேயோ. எங்கே என்று நானே முடிவு செய்யவில்லை.

ஆராதனை முடிந்ததும் பாஸ்டர் ஐயா வெளியே வந்து வண்டிக்காக ஜெபித்தார். எங்கள் சபை ஆவடி ரோட்டில், சென்னீர்குப்பத்துக்கு முன்னால் இருக்கிறது. "இந்த வண்டி இந்தக் குடும்பத்தைச் சேர்த்து வைக்கும் வண்டியாக இருக்கட்டும், ஆண்டவரே" என்றார். அவர் கை வைத்திருந்த இடம் என் துணி இருந்த பெட்டி. என்னால் ஆமென் சொல்ல முடியவில்லை.

அவர் ஹெட்லைட்டில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு வைத்தார். எனக்கு அது போதவில்லை. மனதில் கள்ளம் இருக்கிறவனுக்கு எண்ணெய் கொஞ்சம் அதிகமாகவே வேண்டியிருக்கிறது. "ஐயா, சக்கரத்துக்கும்" என்று பாட்டிலை வாங்கி, முன்சக்கரத்தில் பளபளவென்று இருந்த இரும்புத் தட்டில் நானே ஊற்றித் தேய்த்தேன். அதுதான் பிரேக் பிடிக்கும் தட்டு என்று எனக்கு உறைக்கவில்லை. மெர்சியிடம் பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று சொன்னேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

ரோடு காலி. பின் பிரேக்கை லேசாக மிதித்தே சென்னீர்குப்பம் தாண்டி நெடுஞ்சாலையில் ஏறிவிட்டேன். திருமழிசை வந்ததும் எனக்கு முன்னால் போன ஷேர் ஆட்டோ ஆள் ஏற்றச் சட்டென்று நின்றது. முன் பிரேக்கை முழுசாக அமுக்கினேன். கை பிடித்தது, சக்கரம் பிடிக்கவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டே போனது. பின் பிரேக்கில் எழுந்தே நின்றுவிட்டேன். ஆட்டோவின் பின்சீட்டில், பின்பக்கமாக ரோட்டைப் பார்த்தபடி ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தாள். எட்டு வயது இருக்கும். மடியில் புது பிளாஸ்டிக் குடம். அவள் முழங்காலுக்கும் என் ஹெட்லைட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்போது வண்டி நின்றது.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. கையை நீட்டி ஹெட்லைட் கண்ணாடியைத் தொட்டாள்.

"அங்கிள், புது வண்டியா?"

"ஆமாம்மா."

"நல்லா கீது."

ஆட்டோ போய்விட்டது. வண்டியை ஓரம் தள்ளி நிறுத்தினேன். இதைத்தான் விட்டுவிட்டு நடந்தேன்.

ஒரு பத்து நிமிடம் நடந்திருப்பேன். பின்னால் ஒரு மொபெட் ஹாரன் அடித்தது. வண்டியை நிறுத்திய இடத்துக்கு எதிரில் பஞ்சர் கடை வைத்திருப்பவர்.

"இன்னாபா, சாவியோட வுட்டுட்டு போற? எவனாவது தள்ளிகினு பூட்டான்னா என்னைத்தான் கேப்பாங்க."

"எனக்கு அந்த வண்டி வேண்டாம்ணே."

"வேணாம்னா எனக்கு எய்தி குட்த்துட்டு போ. ஏறு முதல்ல."

ஏறினேன். கடைக்குப் போனதும் அவர் குனிந்து முன்சக்கரத்தில் விரல் வைத்தார். மோந்து பார்த்தார்.

"இது இன்னா எண்ணெய்?"

"ஒலிவ எண்ணெய். ஜெபம் பண்ணினோம்."

அவர் விரலைக் கைலியில் துடைத்தார். "எங்காளுங்க எலுமிச்சம்பழம் வெப்பாங்க நைனா. அது பாட்டுக்கு நசுங்கிட்டு பூடும். நீ பிரேக்குல எண்ணெய வுட்டுகினு பெங்களூர் ரோட்ல வர்றியே. உன் சாமிக்கு உன்மேல ரொம்பப் பாசம்தான் போ."

கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி சோப்புத்தூள் கரைத்துத் தட்டைக் கழுவினார். பிரேக் கட்டைகளைக் கழற்றி உப்புத்தாளில் தேய்த்து மாட்டினார். "மெதுவா போ. அப்பப்ப அமுக்கி அமுக்கிப் பாரு. எங்க போகணும்?"

"வீட்டுக்கு" என்றேன். அந்த வார்த்தையை யோசித்துச் சொல்லவில்லை.

கதவு திறந்தே இருந்தது. மெர்சி தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்ரோல் போட மூணு மணி நேரமா?"

பெட்டியிலிருந்து எடுத்து வந்த துணியை அவள் முன்னால் வைத்தேன். அவள் ஆச்சரியப்படவில்லை.

"காலைலயே கொடியில சட்டை இல்ல, பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டு ஏன் என்னைக் கேக்கல?"

"உங்களைக் கேட்டு எப்ப நின்னீங்க? அதான் அவர்கிட்ட கேட்டேன். பாஸ்டர் ஜெபிக்கும்போதே கேட்டேன். ஆண்டவரே, இந்த வண்டி நிக்கணும்னு."

"மெர்சி, அது நிக்கவே இல்ல. அதான் பிரச்சனையே."

எல்லாவற்றையும் சொன்னேன். எண்ணெயைச் சொன்னபோது சிரித்தாள். அந்தப் பெண்ணைச் சொன்னபோது என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன். பிறகு எழுந்து சோறு போட்டாள்.

அன்பானவர்களே, எண்ணெயை ஊற்றியது நான். கர்த்தர்மேல் பழி போட மாட்டேன், பாஸ்டர் ஐயாமேலும் போட மாட்டேன். ஆனால் அந்த ஒரு சாண் இடத்தை நான் உண்டாக்கவில்லை. அது அவர் கொடுத்தது. ஒரு வருடம் ஆகிறது. நெஞ்சுக்குள் தட்டுவது இப்போதும் கேட்கிறது. கேட்டால் மெர்சியிடம் சொல்கிறேன், இரண்டு பேரும் முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம். டூரிங் வண்டி இதுவரை போன தூரம் பழவேற்காடு. போனோம், மீன் சாப்பிட்டோம், அன்றைக்கே வந்துவிட்டோம். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் போய்க்கொண்டே இருந்தால், அவர் பெயரைச் சொல்லி ஆண்டவரிடம் கேளுங்கள். அவர் பக்கத்தில் நிற்கும்போதே கேளுங்கள். துணியைக் கட்டி வைத்துவிட்டு இதை வாசிக்கிறவர் யாராவது இருந்தால், சகோதரா, உனக்காக ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதை மட்டும் நம்பு.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், திங்கட்கிழமை காலை, மெர்சியின் கம்பெனிக்குப் போய் வேலை கேட்டேன். சூப்பர்வைசர், "எவ்ளோ நாள் இருப்பே?" என்றார். "தெரியல சார், இன்னிக்கு இருக்கேன்" என்றேன். என்ன நினைத்தாரோ, ஒரு கைவண்டியைக் காட்டினார். ஸ்டோரிலிருந்து துணி உருளைகளை ஏற்றித் தையல் வரிசைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முதல் நடையே மெர்சியின் மெஷினுக்கு. அவள் தலை நிமிரவில்லை. தைப்பதை நிறுத்திவிட்டு, துணியை இறக்கி வைக்க இடம் ஒதுக்கினாள்.