பல் செட்காரரின் சலுகை அட்டை

ரயிலில் அவருக்குப் பெயர் பல் செட்காரர். பதினான்கு வருடங்களாக நகரத்தில் ஒரு லேபில் பல் செட் செய்கிறார். மாவு அச்சில் மெழுகைப் படியவைத்து, ஒவ்வொரு பல்லாக நட்டு, யார் யாரோ முறுக்குக் கடித்துச் சிரிப்பதற்கு வழி செய்து கொடுப்பவர். அவர் சிரிப்பதற்குத்தான் ரயில்வேக்காரர்கள் வழி விடுவதில்லை.

அந்த வருடம் மூன்றாவது முறையாகக் கட்டணம் ஏறியது. 'பயணிகளின் நலன் கருதி' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். முதல் முறை நலன் கருதியபோது அவர் காலை டீயை நிறுத்தினார். இரண்டாம் முறை கருதியபோது செருப்பை மூன்றாவது தடவையாகத் தைத்துப் போட்டுக்கொண்டார். மூன்றாம் முறையும் கருதிவிட்டதால், இனி குடும்பத்தோடு தெருவுக்கு வந்துவிட வேண்டியதுதான். ஏறிய காசுக்குக் கைமாறாக ரயிலும் மாறியிருந்தது. முன்பு பத்து நிமிடம் தாமதமாக வந்த வண்டி இப்போது பதினைந்து நிமிடம் தாமதமாக வந்தது. கூடுதல் காசுக்குக் கூடுதல் நேரம், நியாயம்தானே.

நோட்டீஸின் கீழே பொடி எழுத்தில் ஒரு பெரிய மனதும் இருந்தது: சலுகை அட்டை. காலை ஆறு மணிக்கு முன் ஊர் ஸ்டேஷனுக்குள் வந்து, இரவு எட்டு மணிக்குப் பின் அங்கிருந்து வெளியே போகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம். அதாவது, மனிதர்கள் தூங்கும் நேரத்தில் பயணம் செய்தால் மலிவு. பல் செட்காரர் மனைவியிடம் கேட்டார். அவள், "ஏங்க, நாலு மணிக்கு எழுந்திரிச்சா உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்றாள். "உடம்புக்கு ஒண்ணும் ஆகாது, பழகிடும்" என்று சொல்லி அட்டையை வாங்கிக்கொண்டு வந்தார்.

ஏழு மணிக்கு லேப் வாசலில் போய் நின்றால், லேப் திறப்பது ஒன்பதுக்கு. முதல் வாரம் படிக்கட்டில் உட்கார்ந்து கொட்டாவி விட்டார். இரண்டாம் வாரம் முதலாளி பார்த்துவிட்டார். கண் கலங்காத குறைதான்.

"இப்படி ஒரு விசுவாசத்த நான் பாத்ததே இல்லங்க" என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, சாவியை அவர் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து காலை இரண்டு மணி நேர வேலை இலவசம். சாயங்காலமும் எட்டுக்கு முன் இறங்கிப் பயனில்லை என்பதால் ஆறேமுக்கால் வண்டி வரை பாலிஷ் போட்டார். சம்பளம் மட்டும் அசையவில்லை. கூட வேலை செய்கிறவர்கள், "உங்களால எங்க மானம் போகுதுங்க" என்று பல்லைக் கடித்தார்கள். நல்ல பற்கள், அவர் செய்தவை அல்ல.

வீட்டில் ஆறு வயது மகள். அவர் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருப்பாள், வரும்போது தூங்கியிருப்பாள். நான்கு மாதத்தில் அவளுடைய உள்ளங்காலைத்தான் நன்றாகப் பார்த்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையாவது பார்க்கலாம் என்றால், ஆறு நாள் தூக்கத்தையும் அன்றுதான் தூங்கித் தீர்க்க வேண்டும். பள்ளியில் குடும்பத்தைப் படம் வரையச் சொன்னபோது அவள் அம்மாவை வரைந்தாள், தன்னை வரைந்தாள், பக்கத்தில் கொடியில் காயும் ஒரு சட்டையை வரைந்தாள். 'இது யாரு?' என்று டீச்சர் கேட்டாராம். 'எங்க அப்பா' என்றாளாம். மனைவி இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

அதனால்தான், ஒரு வியாழக்கிழமை தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து லேபில் மின்சாரம் போனதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. பாலிஷ் மோட்டார் நின்றது, கொதிகலன் ஆறியது. முதலாளி நாலு மணி வரை விசிறிக்கொண்டே காத்திருந்து, பெற்ற பிள்ளையைப் பறிகொடுக்கிறவர் மாதிரி, "சரி, கிளம்புங்க" என்றார். பல் செட்காரர் மனைவிக்குப் போன் போட்டார்.

"ஆறு மணிக்கு வந்துடுவேன். அவள முழிச்சிருக்கச் சொல்லு."

"ஆறு மணிக்கு எவ தூங்குவா? வாங்க, ஸ்டேஷனுக்கே கூட்டிட்டு வரேன்."

நகரத்து ஸ்டேஷனில் அட்டையை வைத்ததும் தானியங்கிக் கதவு தாராளமாகத் திறந்தது. உள்ளே விடுவதில் ரயில்வேக்கு என்றுமே தயக்கம் இல்லை. வெளியே விடும்போதுதான் யோசிக்கும். ஆறு மணிக்குத் தன் ஊரில் இறங்கி அட்டையை வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து மறுபடி வைத்தார். சிவப்பு. அப்போதுதான் உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டார்.

கதவு ஓரத்துக் கூண்டில் இருந்த டிக்கெட் பரிசோதகர் நிமிர்ந்து பார்த்தார். "எட்டு மணிக்குத்தான் சார் இது செல்லும். இப்பவே போகணும்னா அபராதம் கட்டணும்."

அவர் சொன்ன தொகையைப் பல் செட்காரர் மனதுக்குள் கணக்குப் போட்டார். அந்த மாதம் முழுக்க நாலு மணிக்கு எழுந்து மிச்சம் பிடித்தது அத்தனையும் அதில் போய்விடும்.

"சார், என் வீடு இங்கதான். அதோ தண்ணித் தொட்டி தெரியுது பாருங்க."

"தெரியுது சார். எட்டு மணிக்கும் அங்கயேதான் இருக்கும்."

பையில் பணம் இருந்தது. ஆனால் அதை எடுக்கக் கை வரவில்லை. ஒரு மாதத் தூக்கத்தை யாராவது ஒரே மூச்சில் தூக்கிக் கொடுப்பார்களா? பிளாட்பார ஓரத்துக் கம்பி வேலிக்குப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் மனைவியும் மகளும் நின்றார்கள்.

"அப்பா, ஏன் உள்ள நிக்கிற?"

"சும்மாதாண்டா. கொஞ்ச நேரம் காத்து வாங்கலாம்னு."

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது என்று தெரிந்தது. முந்தானையை விரித்துப் புல்லில் உட்கார்ந்தாள். அவரும் சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டார். மகள் வாயைத் திறந்து, ஆடும் பல்லை நாக்கால் தள்ளிக் காட்டினாள். ஊரார் பல்லையெல்லாம் அளந்து செய்கிறவருக்குச் சொந்த வீட்டில் ஒரு பல் ஆடுவது தெரியாமல் இருந்திருக்கிறது. கம்பி இடுக்கில் இரண்டு விரலை விட்டுத் தொட்டுப் பார்த்தார். அவள் கூச்சத்தில் நெளிந்து சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் யார் யாரோடு சண்டை, எந்த டீச்சருக்குக் கோபம் அதிகம், எல்லாம் சொன்னாள். அவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

ஏழரை தாண்டியதும் அவளுக்குக் கண் சொருகத் தொடங்கியது. எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டு, விருந்தாளி வீட்டில் விடைபெறுவது போல, "சரிப்பா, நாங்க வீட்டுக்குப் போறோம்" என்றாள். பிறகு ஞாபகம் வந்தவளாக, "நாளைக்கும் நீ இங்கதான் இருப்பியா? நான் வந்து பாக்கறேன்" என்றாள்.

மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பல் செட்காரர் எழுந்தார். நேராகக் கூண்டுக்குப் போய்ப் பணத்தை எண்ணாமல் வைத்தார். பரிசோதகர் கடிகாரத்தைப் பார்த்துப் பதறிப்போனார்.

"என்ன சார் இது? ஒண்ணே முக்கா மணி நேரம் உக்காந்துட்டீங்க. இன்னும் பதினஞ்சு நிமிஷம் பொறுத்தா ஒரு காசும் வேணாமே!"

"தெரியும். கதவத் திறங்க."

"பைத்தியமா சார் நீங்க?"

"நாலு மாசமா இருந்தேன். திறங்க சார், பொண்ணு தூங்கிடுவா."

பரிசோதகர் ரசீதுப் புத்தகத்தை எடுத்தார். 'குற்றம்' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று பேனாவைக் கடித்து யோசித்தார். பிறகு குண்டு எழுத்தில் எழுதினார்: 'நேரத்துக்கு முன்பே வீடு திரும்பியது.' பல் செட்காரர் அதைப் படித்துப் பார்த்தார். குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே ஓடினார்.