மாம்பழ ஆவி

சாமை போரடிக்கும் நாட்களில் எனக்கு இழுப்பு வந்துவிடும். தூசி ஆகாது. களத்து ஓரத்தில் நொச்சித்தழை கொதிக்கும் பானையும் ஒரு கம்பளியும் எனக்காகத் தயாராக இருக்கும். நெஞ்சு அடைத்தால் ஆவி பிடிப்பதுதான் எங்கள் மலையில் முதல் வைத்தியம். ஆவி என்றாலே நல்லது என்று எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை.

அந்த மார்கழியில் என் வீட்டுக்காரர் பெங்களூர் கட்டட வேலையிலிருந்து வந்திருந்தார். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று பீற்றிக்கொண்டார். பதிலுக்குக் கையில் ஒரு வேப் இருந்தது. பேனா மாதிரி, பேட்டரியில் ஓடுவது. விற்கக் கூடாத சாமானை எங்கோ கமுக்கமாக வாங்கியிருக்கிறார். உறிஞ்சி விட்டால் மாம்பழ வாசனையோடு வெள்ளையாக வரும்.

"பொகை இல்ல மே, வெறும் ஆவிதான். நீ நொச்சி புடிக்கிற இல்ல, அந்த மாதிரி. நெஞ்சு லேசாயிடும்."

பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். அன்றைக்குப் புத்தி புல் மேயப் போயிருந்தது. கம்பளிக்குள் உட்கார்ந்தபடியே வாங்கி இழுத்தேன்.

முதலில் சுகமாகத்தான் இருந்தது. கம்பளியை விலக்கினால் வெளியே பனி, மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. களத்தில் சாமை மிதிக்கும் பிணையல் மாடுகள் காலே இல்லாமல் மிதந்து சுற்றின. குளிர்காலத்தில் மாம்பழம் பழுத்த ஒரு ஊரில் நான் இருந்தேன். இரண்டாவது தடவை வேப்பை உறிஞ்சியதும் நெஞ்சு இறுகியது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை.

"பம்ப்" என்று கையால் காட்டினேன். இழுப்பு வந்தால் வாயில் வைத்து அழுத்தும் மருந்து அது; மேட்டு மேலே, வீட்டில் இருந்தது.

அவர் ஓடினார். புளியமரத்து உச்சிக்கு ஒரே மூச்சில் ஏறுகிற மனிதர். ஆஸ்துமாவைப் பொம்பளை நோவு என்று கேலி பேசுகிறவர். பனிக்குள் அவர் முதுகு சின்னதாகிக்கொண்டே போனது. பாதி மேட்டில் நின்றது. பாறையைப் பிடித்துக் குனிந்து இருமினார். எனக்குக் கோபம் வந்தது. சாகப் போகிறவளுக்கு அவ்வளவு கோபம் வருமா என்று இப்போது சிரிப்பாக இருக்கிறது.

எப்படியோ போய் எடுத்து வந்தார். இரண்டு முறை அழுத்தினேன். மெதுவாக மலை மலையாகவும் மாடு மாடாகவும் திரும்பி வந்தன. என் மூச்சு அடங்கிய பிறகும் பக்கத்தில் ஒரு விசில் சத்தம் கேட்டது. அவருடையது.

"இன்னா மாமா, இன்னா ஆச்சு?"

பதில் பேச அவருக்கு மூச்சு இல்லை. என் பம்பைப் பார்த்துக் கையை நீட்டினார். என் இழுப்புக்குக்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.